வைண்டிங் கடையில் படித்த மின்காந்தவியல்

பிசிக்ஸ் டியூஷனில் காந்தவியல் பாடத்தை எடுத்ததும் பிள்ளைகளின் கை தானாக மேலே வந்துவிடும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக முறுக்கிக்கொண்டு, மோட்டாருக்கு இடக்கையா வலக்கையா என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை, ப்ளஸ் டூவில் மறுபடி ஒருமுறை படித்த பிறகும் இதே கதைதான். இந்தக் கை விதிகளைச் சொன்ன ஃபிளெமிங் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. லண்டனில் பாடம் எடுத்துக்கொண்டிருந்த மனுஷன், மாணவர்கள் திசையைக் குழப்பிக்கொள்கிறார்களே என்று ஒரு வசதிக்காகச் சொல்லிக்கொடுத்தது அது. நம் ஊரில் அந்த வசதியே பாடமாகிவிட்டது.

உண்மையில் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மின்னூட்டம் நகர்ந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். ஒரு கம்பிச்சுருள் வழியே போகும் காந்தப்பாயம், அதாவது அதற்குள் நுழையும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, மாறினால் அந்தச் சுருளில் மின்னியக்கு விசை (மின்னோட்டத்தை ஓட்டும் மின்னழுத்தம்) தூண்டப்படும். அப்படித் தூண்டப்பட்டு ஓடுகிற மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்த்துத்தான் நிற்கும். மிக்சி, ஃபேன், டிரான்ஸ்ஃபார்மர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாமே இதற்குள் அடங்கிவிடும். இந்த மூன்று விதிகளில் கடைசியாகச் சொன்னது, அதாவது லென்ஸ் விதி, பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வியாக ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் இந்தப் பாடத்தின் நடுநாயகம்.

இப்படி நான் நினைப்பதற்குக் காரணம் என் மாமா. கோயம்புத்தூர்ப் பக்கம் வைண்டிங் கடை வைத்திருந்தார். போர்வெல் மோட்டார், மோனோபிளாக், டேபிள் ஃபேன் என்று எரிந்துபோனதெல்லாம் அங்கே வரும். மோட்டாரின் சுற்றாத பகுதியான ஸ்டேட்டரில் இருந்து கருகின காயிலை வெட்டி எடுத்து, பழைய காப்பரைத் தனியாக எடை போட்டு வைத்துவிட்டு, காயில் உட்காரும் பள்ளமான சிலாட்டில் புதுப் பேப்பர் வைத்து, அதே கேஜ் வயரில் அதே எண்ணிக்கைச் சுற்று கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பார்கள். பள்ளி விடுமுறையில் எனக்குக் கிடைத்த வேலை சுற்று எண்ணுவது. பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை போய்விடும், மறுபடி முதலில் இருந்து. மாமாவுக்கு, மின்தூண்டலைக் கண்டுபிடித்த ஃபாரடே யார் என்று தெரியாது. "சுத்து கொறைஞ்சா கரண்டு கூட இழுக்கும், காயில் சூடாகும்" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இயற்பியல் இருக்கிறது என்பது காலேஜுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சரி, ஆரம்பத்துக்கு வருவோம். 1820. கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் போகும் கம்பியின் பக்கத்தில் திசைகாட்டி வைத்தபோது முள் திரும்பியது. இதைப் பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். முள் திரும்பியதை விட எந்தப் பக்கம் திரும்பியது என்பதுதான் அந்தக் காலத்து ஆட்களைத் தூங்கவிடாமல் செய்தது. அதுவரை தெரிந்த விசைகள், ஈர்ப்பு விசையாகட்டும் கூலும் என்ற விஞ்ஞானி சொன்ன மின்விசையாகட்டும், இரண்டு பொருளையும் சேர்க்கும் நேர்கோட்டிலேயே இழுக்கும் அல்லது தள்ளும். இங்கேயோ முள் கம்பியை நோக்கியும் போகவில்லை, விலகியும் போகவில்லை, குறுக்காகத் திரும்பியது. கம்பியைச் சுற்றி வட்டமாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். நாம் விரலை மடக்கி வலக்கைக் கட்டைவிரல் விதி சொல்வதெல்லாம் இந்த வட்டத்துக்காகத்தான்.

வீட்டிலேயே செய்து பாருங்கள், ஆனால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கம்பியை வடக்கு தெற்காக, முள்ளுக்கு இணையாக, அதற்கு 2 சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். ஒரு பென்சில் செல்லை ஒரு நொடி மட்டும் தொடுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் அந்தத் தூரத்தில் கிடைக்கும் புலம் 20 மைக்ரோடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). தமிழ்நாட்டில் பூமியின் கிடைத்தளக் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. ஒன்று வடக்கே இழுக்கிறது, மற்றது அதில் பாதி பலத்தோடு குறுக்கே இழுக்கிறது. முள் 27 பாகை அளவுக்குத் திரும்பும். டேன்ஜண்ட் விதி என்று லேபில் மனப்பாடம் செய்தது இதுதான். இப்போது அதே கம்பியைக் கிழக்கு மேற்காக வைத்துத் தொடுங்கள். முள் அசையாது. செல் தீர்ந்துவிட்டது என்று நினைப்பீர்கள். செல் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போது கம்பியின் புலம் வடக்கு தெற்காகவே இருப்பதால் பூமியோடு சேர்கிறது, இல்லாவிட்டால் அதைக் கொஞ்சம் குறைக்கிறது, குறுக்கே தள்ள ஆள் இல்லை. ஏன் என்று யோசித்து வரச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் அன்றைக்கே வட்டப் புலத்தைப் புரிந்துகொண்டுவிடுவார்கள்.

பூமி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். காந்தமுள் வடக்கு தெற்காக நிற்கும் என்று மட்டும்தான் நமக்குச் சொல்கிறார்கள். பூமியின் புலம் பெரும்பாலான இடங்களில் சரிந்து தரைக்குள் போகும். டெல்லியில் அந்தச் சரிவு 40 பாகைக்கு மேல். திருநெல்வேலிப் பக்கம் போனால் ஏறக்குறைய படுத்துவிடும், காரணம் காந்த நடுக்கோடு, அதாவது புலம் சரியாமல் படுத்தே இருக்கும் கோடு, இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அதனால்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஓர் ஆய்வகம் வைத்திருக்கிறது. பகல் நேரத்தில் நம் தலைக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், அந்த நடுக்கோட்டின் மேலாகவே கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. கீழே இருக்கும் கருவியில் வடக்கு நோக்கிய புலம் நண்பகலில் கொஞ்சம் கூடி, சாயங்காலம் இறங்கும். ஓர்ஸ்டெட் மேசை மேல் செய்ததை ஆகாயம் தினமும் செய்துகொண்டிருக்கிறது. கட்டைவிரலைக் கிழக்கே நீட்டி, விரல்களை மடக்கி, கம்பிக்குக் கீழே அவை எந்தப் பக்கம் போகின்றன என்று பாருங்கள், வடக்கு வரும்.

ஓர்ஸ்டெட்டின் செய்தி பாரீசுக்கு வந்தது 1820 செப்டம்பரில். அங்கே இருந்த விஞ்ஞானி ஆம்பியர் கேட்ட மாத்திரத்தில் வேலையைத் தொடங்கி, சில நாட்களுக்குள்ளேயே காந்தமே இல்லாமல் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதைக் காட்டிவிட்டார். ஒரே திசையில் மின்னோட்டம் போனால் ஈர்க்கும், எதிர்த்திசையில் போனால் தள்ளும். அப்படியானால் சட்டக் காந்தத்துக்குள்ளேயும் கண்ணுக்குத் தெரியாத குட்டி மின்னோட்டங்கள் சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தது, எலக்ட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு எழுபது வருஷத்துக்கும் மேல் முன்னால். இன்றைக்கு அதை எலக்ட்ரானின் தற்சுழற்சி, சுற்றுப்பாதை இயக்கம் என்று சொல்கிறோம். இரும்பில் பெரும்பங்கு தற்சுழற்சியுடையது. காந்தத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் ஒவ்வொன்றிலும் இரண்டு முனை இருப்பது ஏன் என்ற பழைய கேள்விக்கும் இதுவே பதில். வட்டத்துக்கு இரண்டு பக்கம் இருந்தே தீரும், ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி எடுக்க முடியாது.

இரும்பில் என்ன விசேஷம் என்றால், அதில் கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்து ஒரே திசை பார்க்கும் சின்னச் சின்னப் பகுதிகள் இருக்கின்றன. சாதாரண ஆணியில் அந்தப் பகுதிகள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், அதனால் மொத்தத்தில் ஒன்றும் தெரியாது. வெளியில் இருந்து புலம் வந்தால் அணிவகுக்கும். தேனிரும்பு புலம் போனதும் கலைந்துவிடும், எஃகு அப்படியே பிடித்துக்கொள்ளும். மின்காந்தத்துக்குத் தேனிரும்பு, நிலைக்காந்தத்துக்கு எஃகு மாதிரியான கடினப் பொருள் என்று பிரிப்பது இதனால்தான். 770 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் இரும்பில் அந்த ஒற்றுமையே குலைந்துவிடும். செக்கச்செவேல் என்று காய்ச்சிய ஆணியைக் காந்தம் சீண்டாது, ஆறியதும் மறுபடி இழுக்கும். இதைக் குழந்தைகள் தனியாகச் செய்ய வேண்டாம்.

இனி ஆணியில் வயர் சுற்றும் பரிசோதனை. எல்லாப் பள்ளி அறிவியல் கண்காட்சியிலும் இருக்கும், பாதிக்குப் பாதி வேலை செய்யாது. முதல் காரணம், எனாமல் வயரின் முனையைச் சுரண்டாமல் செல்லில் ஒட்டிவிடுவது. பார்க்கச் செம்பு நிறமாகவே இருப்பதால் மேலே பூச்சு இருப்பது தெரியாது. உப்புக் காகிதத்தால் நன்றாகத் தேய்த்தால்தான் உள்ளே இருக்கும் செம்பு பளிச்சென்று வரும். அந்தப் பூச்சு இல்லாவிட்டாலும் ஆகாது. 1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தம், 200 கிராம் எடையுள்ள லாடம் போன்ற இரும்பு, 4 கிலோவைத் தூக்கியது. அதில் அவர் சுற்றியது வெறும் கம்பி, ஒன்றோடொன்று படாமல் இடம் விட்டுத்தான் சுற்ற முடிந்தது. அமெரிக்காவில் ஆல்பனி ஊரில் வாத்தியாராக இருந்த ஜோசப் ஹென்றி, கம்பிக்குப் பட்டு நூல் சுற்றி, அடுக்கு அடுக்காக நெருக்கிக் கட்டி, 1831இல் ஏறக்குறைய ஒரு டன்னைத் தூக்கும் காந்தம் செய்தார். இப்போது நம் கையில் பட்டுக்குப் பதில் எனாமல்.

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரசியமானது. "சுற்று கூடினால் காந்த வலிமை கூடும்" என்று புத்தகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் ஒரே செல்லை வைத்துக்கொண்டு 100 சுற்றை 200 ஆக்கிவிட்டு, ஏன் இரண்டு மடங்கு குண்டூசி ஒட்டவில்லை என்று கேட்பார்கள். வயரின் நீளம் இரண்டு மடங்கானால் மின்தடையும் இரண்டு மடங்கு, மின்னோட்டம் பாதி. காந்தத்துக்குக் கணக்கு சுற்றையும் ஆம்பியரையும் பெருக்கி வருவது, அது 100க்கு இருந்ததுதான் 200க்கும். (செல்லின் உள்தடையைச் சேர்த்துக்கொண்டால் கொஞ்சம் கூடும், அது வேறு.) பிறகு எதற்குக் கூடுதல் சுற்று? அதே காந்தம், பாதி மின்னோட்டத்தில் கிடைக்கிறது. செல் சீக்கிரம் தீராது, வயர் சுடாது. மாமா சொன்ன வரியின் முதல் பாதி இது. புத்தகம் சொல்வதும் சரிதான், ஆனால் மின்னோட்டம் மாறாமல் இருந்தால் என்ற நிபந்தனையோடு. அந்த நிபந்தனையைத்தான் எல்லாரும் முழுங்கிவிடுகிறார்கள்.

மின்னோட்டத்தால் காந்தம் வருகிறது என்றால் காந்தத்தால் மின்னோட்டம் வராதா? 1820க்குப் பிறகு இது எல்லார் மனதிலும் இருந்த கேள்வி. பத்து வருஷத்துக்கு மேல் யாருக்கும் பிடிபடவில்லை. காரணம், சுருளுக்குள் காந்தத்தை வைத்துவிட்டு, மின்னோட்டம் ஓடுகிறதா என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெனீவாவின் விஞ்ஞானி கொலாடோன் கதையை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. காந்தம், சிறு மின்னோட்டத்தையும் காட்டும் கால்வனாமீட்டரை நேரடியாகக் குழப்பிவிடக் கூடாது என்று மீட்டரை அடுத்த அறையில் வைத்தார், நியாயமான முன்னெச்சரிக்கைதான். காந்தத்தைச் சுருளுக்குள் செருகிவிட்டு அடுத்த அறைக்கு நடந்து போவார், முள் பூஜ்ஜியத்தில் நிற்கும். அவர் நடந்த அந்தச் சில நொடிகளுக்குள் எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு பக்கமும் சுருள் கட்டி, ஒன்றை பேட்டரியில் இணைத்தார். இணைத்த கணத்தில் மறுபக்கத்து முள் துடித்தது, உடனே பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பேட்டரியை எடுத்தபோது எதிர்ப்பக்கம் துடித்தது. நடுவில் எவ்வளவு நேரம் மின்னோட்டம் ஓடினாலும் ஒன்றுமில்லை. அவர் அந்தத் துடிப்பைப் பிழை என்று தள்ளிவிடாமல் அதுவே விஷயம் என்று பிடித்துக்கொண்டார். காந்தப்புலம் இருப்பது போதாது, மாற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி., அதாவது மாறாமல் ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம், கொடுத்தால் ஏன் வேலை செய்யாது என்ற கேள்விக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சும்மா வேலை செய்யாமல் இருப்பதோடு விடாது, காயில் சூடாகி எரிந்தும் போகும். எதிர்த்து நிற்கும் மின்னியக்கு விசை இல்லாததால் வெறும் கம்பியின் தடைதான் மிச்சம்.

அப்புறம் அந்த இரண்டு கை விவகாரம், மோட்டாருக்கு இடக்கை, ஜெனரேட்டருக்கு வலக்கை என்பது. மின்னோட்டம் போகும் கம்பி காந்தப்புலத்தில் தள்ளப்படுவது மோட்டார், கம்பியை நாம் தள்ளினால் மின்னோட்டம் வருவது ஜெனரேட்டர். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே விதி: நகரும் மின்னூட்டத்தின் மேல், அதன் திசைவேகத்துக்கும் புலத்துக்கும் செங்குத்தாக ஒரு விசை. மோட்டாரில் மின்னூட்டம் கம்பியின் நீளத்தில் ஓடுகிறது, விசை பக்கவாட்டில் வந்து கம்பியையே தள்ளுகிறது. ஜெனரேட்டரில் நாம் கம்பியைப் பக்கவாட்டில் நகர்த்தும்போது உள்ளே இருக்கும் மின்னூட்டமும் கூடவே நகர்கிறது, அதனால் விசை கம்பியின் நீளத்தில் வந்து அதை ஓடவிடுகிறது. லாரன்ஸ் விசை என்று பெயருள்ள இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் ஒரு கை போதும்.

லென்ஸ் விதிக்கு வைண்டிங் கடைதான் சரியான வகுப்பறை. வெயில் காலத்தில் தண்ணீர் கீழே இறங்க இறங்க போர்வெல் மோட்டார்கள் வரிசை கட்டி வரும். ஒரே தோட்டத்து மோட்டார் மறுபடி வந்தது. "என்னங்கண்ணா, போன மாசந்தானே கட்டிக் குடுத்தோம்?" என்று மாமா கேட்டார். "மணல் ஏறி ஜாம் ஆயிருச்சுங்க, கவனிக்காம விட்டுட்டோம்" என்றார் அவர். மாமா காயிலைப் பார்க்கக்கூட இல்லை, அந்தக் கருகல் வாசனையே போதுமாக இருந்தது. மோட்டார் சுற்றாமல் நின்றால் ஏன் எரிய வேண்டும்? வேலை செய்யாதவனுக்குச் சூடு எதற்கு?

சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் அதே நேரத்தில் ஒரு ஜெனரேட்டரும்கூட. புலத்துக்குள் கம்பி நகர்கிறது, ஆகவே அதில் ஒரு மின்னியக்கு விசை தூண்டப்படுகிறது, லென்ஸ் சொன்னபடி அது லைனில் இருந்து வரும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இரண்டுக்கும் உள்ள மிச்சம்தான் காயிலில் மின்னோட்டத்தை ஓட்டுகிறது, அதனால் மின்னோட்டம் அளவாக இருக்கிறது. மோட்டார் நின்றுவிட்டால் எதிர்ப்பு போய்விடும், மின்னோட்டம் எகிறும். டி.சி. மோட்டாரில் இது நேராகத் தெரியும். போர்வெல்லில் இருக்கும் இண்டக்‌ஷன் மோட்டாரில் கொஞ்சம் சுற்றிவளைத்து வரும், நின்றுபோன ரோட்டார் (மோட்டாரில் சுற்றும் பகுதி), இரண்டாம் சுருளை ஷார்ட் செய்த டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ஆகிவிடுகிறது, முடிவு ஒன்றுதான். மோட்டார் போடும் கணத்தில் வீட்டு விளக்கு மங்கி எழுவதும் இதனால்தான், ஸ்டார்ட் ஆகும்போது ஓட்டத்தில் இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்குகூட இழுக்கும்.

எதிர்க்காமல் உதவினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காந்தத்தைச் சுருள் பக்கம் லேசாகத் தள்ளினால் சுருள் அதை மேலும் இழுக்கும், வேகம் கூடும், மின்னோட்டம் இன்னும் கூடும், அது இன்னும் இழுக்கும். ஒரு தட்டு தட்டிவிட்டு ஊருக்கே இலவசக் கரண்ட் கொடுக்கலாம். நடக்காது. ஃபாரடே விதிச் சமன்பாட்டில் இருக்கும் கழித்தல் குறி அதைத்தான் சொல்கிறது. பழைய சைக்கிளில் டைனமோவை டயரில் சாய்த்து லைட் போட்டால் பெடல் கனக்கும்; பல்பு பீஸ் போய்விட்டால் உருளை உரசும் கனம் மட்டும்தான். மேட்டூரில் டர்பைனுக்கும் இதே கதை. ஊரில் எல்லாரும் ஏ.சி. போட்டால் ஜெனரேட்டர் கனத்து வேகம் குறையப் பார்க்கும், 50 ஹெர்ட்சில் நிறுத்தி வைக்க இன்னும் தண்ணீர் திறந்துவிட வேண்டும்.

இதைக் கையில் உணர ஒரு வழி உண்டு. ஏ.சி. மெக்கானிக்கிடம் கெட்டியான செம்புக் குழாய் ஒரு துண்டு வாங்கி, உள்ளே உரசாமல் போகும் அளவுக்கு வலுவான ஒரு நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடுங்கள். ஒரு மீட்டரைச் சும்மா விழுந்து கடக்க அரை நொடிகூட ஆகாது. குழாய்க்குள் அது நிதானமாக மிதந்து இறங்கும், மேலிருந்து எட்டிப் பார்த்தால் பக்கச் சுவரில் படாமல் போவது தெரியும். செம்பைக் காந்தம் இழுக்காது என்பதை முதலில் தொட்டுக் காட்டிவிட வேண்டும், அப்போதுதான் ஆச்சரியம் முழுசாக இருக்கும். விழும் காந்தத்துக்கு மேலேயும் கீழேயும் குழாய்ச் சுவரில் சுழல் மின்னோட்டங்கள் வட்டமாக ஓடி அதைத் தடுக்கின்றன. குழாயை நீளவாக்கில் ஒரு கோடு மாதிரி அறுத்துவிட்டால் அந்த வட்டம் அறுந்து காந்தம் வேகமாக விழும், ஆனாலும் சுவருக்குள்ளேயே சின்ன வளையங்கள் மிச்சம் இருப்பதால் முழு வேகம் வராது. ஸ்டேட்டரையும் டிரான்ஸ்ஃபார்மர் கோரையும் ஒரே இரும்புக் கட்டியாக வார்க்காமல், அரை மில்லிமீட்டரும் அதற்குக் குறைவுமான தகடுகளை அடுக்கிச் செய்வதும் இந்த வளையங்களை அறுக்கத்தான். கடையில் அதற்கு ஸ்டாம்பிங் என்று பெயர்.

சுழல் மின்னோட்டத்தை எல்லா இடத்திலும் எதிரியாகப் பார்க்க வேண்டியதில்லை, இண்டக்‌ஷன் அடுப்பு அதை வைத்துத்தான் பால் காய்ச்சுகிறது. எனக்குப் பிடித்தது பழைய ஈ.பி. மீட்டர். கண்ணாடிக்குள் ஒரு அலுமினியத் தட்டு, ஓரத்தில் கறுப்புக் கோடு, மெதுவாகச் சுற்றும். அதில் இரண்டு சுருள்: மெல்லிய வயரில் நிறையச் சுற்று உள்ளது மின்னழுத்தத்துக்கு, தடித்த வயரில் சில சுற்று மட்டும் உள்ளது மின்னோட்டத்துக்கு. இரண்டும் சேர்ந்து தட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கி, திறனுக்கு ஏற்ற விசையோடு தள்ளும். தள்ளுவது மட்டும் இருந்தால் தட்டு வேகம் பிடித்துக்கொண்டே போகும், கணக்கே வராது. அதற்காக மறுபக்கம் ஒரு நிலைக்காந்தம், தட்டு அதன் முனைகளுக்கு இடையே நுழைந்து போகும். எவ்வளவு வேகமோ அவ்வளவு தடை. தள்ளும் விசையும் தடையும் சமமாகும் வேகத்தில் தட்டு சீராகச் சுற்றும், ஆகவே வேகம் திறனுக்கு நேர்விகிதம், சுற்றுகளின் எண்ணிக்கை யூனிட்டுக்கு நேர்விகிதம். செம்புக் குழாயில் நடந்ததை அப்படியே பயன்படுத்திப் பணம் வாங்கியிருக்கிறார்கள். வெளியில் காந்தம் வைத்து மீட்டரை ஏமாற்றப் பார்த்தவர்களும் லென்ஸ் விதியைத்தான் நம்பினார்கள், தண்டனை தனி.

செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: வைண்டிங் கடையில் 26 கேஜ் எனாமல் வயர் 50 கிராம் கேட்டால் எடை போட்டுத் தருவார்கள், அதில் முப்பது மீட்டருக்கு மேல் வரும். ஒரு பெரிய போல்ட், ஒரு சின்னத் திசைகாட்டி, இரண்டு பென்சில் செல், உப்புக் காகிதம். செல்லை நொடிக்கணக்கில் மட்டும் தொடுங்கள், சுற்றுக் குறைவாக இருந்தால் வயர் கையைச் சுடும். நியோடிமியம் காந்தம் இரண்டு சேர்த்து விளையாடினால் நடுவில் விரல் மாட்டிக்கொள்ளும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் விழுங்கிவிடாமல் பூட்டி வையுங்கள். சுவர் பிளக்கில் எதையும் செருக வேண்டாம். கிழக்கு மேற்காக வைத்த கம்பியில் இரண்டு செல் போட்டும் முள் அசையவில்லை என்றால், கம்பியை இன்னும் கீழே, முள்ளுக்கு அரை சென்டிமீட்டர் மேலே வரை கொண்டுபோங்கள். பிறகு செல்லைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். ஒரு திசையில் முள் அப்படியே நிற்கும், இன்னொரு திசையில் சட்டென்று தலைகீழாகத் திரும்பித் தெற்கைப் பார்க்கும். எந்தத் திசையில் என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டுத் தொடுங்கள்.